வீட்டில் ஏற்கெனவே ஒரு அப்பா

குழந்தைவேல் இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, வீட்டில் ஏற்கெனவே ஒரு அப்பா இருந்தது.

பச்சை நிறம். ஆமை வடிவம். அடியில் சக்கரம், முதுகில் அம்புக்குறி போட்ட பொத்தான்கள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. குடிக்காது, பீடி பிடிக்காது, குழம்பில் உப்பு பத்தவில்லை என்று முகத்தைச் சுளிக்காது. போகச் சொன்ன இடத்துக்குப் போகும், திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பும். பரிமளாவைக் கேட்டிருந்தால், புருஷன் என்ற கணக்கிலும் அது மோசமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

கொடுமை என்னவென்றால், அதை வீட்டுக்கு அனுப்பி வைத்ததே குழந்தைவேல்தான்.

அவன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் ராடு மாட்டுகிறவன். அடிவாரத்து அர்த்தனாரியின் வண்டி அது. வடக்கே ஊர் ஊராகப் போய் அடுத்தவன் தோட்டத்தில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும். அந்த நேரத்தில் கொல்லிமலைத் திருப்புலி நாட்டில் அவன் பொண்டாட்டி பரிமளா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போவாள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மழைக்காலத்தில் வண்டி பட்டறைக்குத் திரும்பும். ஆயுத பூஜையை அவனவன் வீட்டில் முடித்துக்கொண்டு, விஜயதசமியன்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி மறுபடி வடக்கே கிளம்பும்.

பொம்மை கிடைத்தது நாக்பூர் பக்கம் ஒரு பங்களாவில். தண்ணீர் பீச்சி அடித்த சந்தோஷத்தில் வீட்டுக்காரர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அவர் மகன், தான் பெரியவனாகிவிட்டதாக முடிவு செய்து, தன் பழைய ஆமையைப் பெட்டியோடு கொண்டுவந்து குழந்தைவேலிடம் நீட்டினான். பெட்டியின் மேல் இங்கிலீஷில், இதை வைத்து விளையாடும் குழந்தை கம்ப்யூட்டருக்கே கட்டளை எழுதப் பழகிவிடும் என்று போட்டிருந்ததாம். பையன் இந்தியில் விளக்கினான். குழந்தைவேலுக்குத் தெரிந்த இந்தியில் பாதி குழாய் அளவு, மீதி கெட்ட வார்த்தை. இருந்தாலும் புரிந்துவிட்டது. ஓர் அம்பை ஒருதரம் அமுக்கினால் ஒரு சாண் நகரும். அடுத்தடுத்து எத்தனை அமுக்கினாலும் வரிசையாக மனசில் வைத்துக்கொள்ளும். சிவப்பை அமுக்கினால் அத்தனையையும் அதே வரிசையில் செய்து முடிக்கும். கொஞ்சம் நிற்கச் சொல்ல ஒரு பொத்தான், எல்லாவற்றையும் மறக்கச் சொல்ல ஒரு பொத்தான்.

வேலை இல்லாத சாயங்காலங்களில் லாரிக்கு அடியில் அதை ஓடவிட்டுப் பழகினான். திட்டம் எளிமையானது. வாசலில் இருந்து ஆமையை விட வேண்டும். அது நேராகப் போய் மகள் பாவாயியின் காலடியில் நிற்க வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்து "அப்பா" என்று ஓடி வர வேண்டும். கடைசிக் கட்டளைக்கு மட்டும் பொம்மையில் பொத்தான் இல்லை. அது தானாக நடக்கும் என்று விட்டுவிட்டான்.

அந்த வருடம் பூஜைக்கு முன்பே வண்டியின் எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. வண்டியை விட்டு யாரும் நகரக்கூடாது என்று அர்த்தனாரி போனில் உத்தரவு போட்டார். ஊருக்குக் கிளம்பிய வேறொரு லாரியில் ஆமைப் பெட்டியை ஏற்றி, பேளுக்குறிச்சியில் பக்ருதீன் பாய் கடையில் சேர்த்துவிடச் சொன்னான். சந்தைக்கு மிளகு கொண்டுவந்த பரிமளா அதை வாங்கிக்கொண்டு போனாள்.

சந்தையில் நின்று, பஸ்ஸில் நின்று, மலையேறி வந்து சேர்ந்தவளிடம் பாவாயி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அப்பா எப்போ வரும்? தினம் ஒரு பதில் சொல்லிச் சலித்துப்போன பரிமளா, பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

"இதான் அப்பா, சாமி. வந்துருச்சு. வெச்சு வெளையாடு."

அடுப்பு பற்றவைப்பதற்குள் பரிமளா அதை மறந்துவிட்டாள். பாவாயி மறக்கவில்லை.

ஆக, அதற்கடுத்த இரண்டாயிரத்து நாலாம் வருடம் பூஜைக்கு நாலைந்து நாள் முன்னால், குழந்தைவேல் ரெக்சின் பையோடு வாசலில் வந்து நின்றபோது, பாவாயி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவனை வரவேற்றாள்.

"வாங்க. உக்காருங்க. அம்மா காட்டுக்குப் போயிருக்குதுங்க."

பாய் விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். கணக்கெடுக்க வரும் பால்வாடி ஆபீசருக்கு என்ன மரியாதை உண்டோ அதில் ஒரு துளி குறையவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் பாதி இறங்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

பரிமளா காட்டிலிருந்து வந்து விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். மகளை இழுத்து நிறுத்தி, அது பொம்மை, இவர்தான் அப்பா என்று எடுத்துச் சொன்னாள். பாவாயி ஒத்துக்கொண்டாள். பூமி உருண்டை என்று பால்வாடி டீச்சர் சொன்னபோதும் இப்படித்தான் ஒத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு மனசு நோகக்கூடாது. ஒத்துக்கொண்ட கையோடு குழந்தைவேலைப் பார்த்து, "ஏனுங்க, சோறு போடட்டுங்களா?" என்றாள்.

அவன் கேட்டதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. வண்டி கிளம்புவதற்குள் அவள் வாயால் ஒருதரம் அப்பா என்று கூப்பிட்டுவிட்டால் போதும். அதை வைத்துக்கொண்டு அடுத்த பூஜை வரை ராடு மாட்டிவிடலாம். பரிமளாவிடம் அவன் இதைச் சொன்னபோது, அவள் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "அப்பா, வா வா வா" என்று குரல் கேட்டது. குழந்தைவேல் எழுந்தே விட்டான். பச்சை ஆமை தரையில் நகர்ந்துபோய் அவள் கைக்குள் நின்றது. எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று அவன் வாசல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தான். மழை வரும்போல இல்லை.

மறுநாள் லாரிக்கடியில் கற்ற வித்தையை எடுத்தான். பால்கோவாத் துண்டு ஒன்றை ஆமையின் முதுகில் வைத்து, பாவாயி உட்கார்ந்திருந்த இடம் வரை சாண் சாணாக அளந்து அம்பை அமுக்கி, சிவப்பை அமுக்கினான். ஆமை அவளைப் பார்த்துப் போகவில்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் நின்றது. திரும்பி, வீட்டு நடுவுக்கு வந்து கொஞ்சம் நின்றது. அப்புறம் திரும்பி நேராக வாசல்படிக்குப் போய் நின்றது. அதற்கும் பிறகுதான் அவன் சொன்னதைச் செய்யத் தொடங்கி, சுவரில் முட்டியது. பால்கோவா தரையில் கிடந்தது.

பாவாயி பால்கோவாவை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டு, பொறுமையாக விளக்கினாள்.

"மொதல்ல மறக்க வெக்கோணுங்க. பழசு மனசுல இருந்தா, புதுசு சொன்னாலும் பழசத்தான் மொதல்ல செய்யும்."

இது அவனுக்கும் தெரிந்ததுதான். ஒரு வருடத்தில் மறந்துபோயிருந்தது. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆமை கஞ்சிப் பானையில் முட்டி முட்டி அவளாகக் கண்டுபிடித்தது. சரி, அந்தப் பழசு என்ன என்று கேட்டான். அடுப்படி, நடு வீடு, வாசல். எதற்கு இந்தச் சுற்று?

அவள் விரல் விட்டுச் சொன்னாள். அப்பா முதலில் அம்மாவிடம் வரும், நிற்கும். அப்புறம் என்னிடம் வரும், நிற்கும். அப்புறம் போகும்.

"போகாம இங்கயே இருந்தா என்னவாம் கண்ணு?"

பாவாயி அவனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. வெளியூர் ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்பதுபோல.

"அப்பான்னா போவோணுமில்லீங்க."

பூஜைச் சாமான் வாங்கப் பேளுக்குறிச்சிக்கு இறங்கியபோது, பக்ருதீன் பாய் கடையில் நின்று எல்லாவற்றையும் கொட்டினான். பாய் கடையில் டார்ச் செல்லும் ஊதுபத்தியும் போனும் ஒரே மேசையில் இருக்கும். மலைக்கு வரும் நல்லது கெட்டது எல்லாம் அந்தப் போன் வழியாகத்தான் வரும். அதனால் எதைக் கேட்டாலும் முகம் மாறாமல் கேட்கப் பழகியவர். முழுக்கக் கேட்டுவிட்டு, பொம்மை மேல் பொறாமைப்பட்ட முதல் ஆம்பளை அவன்தான் என்றும், சந்தை நாளில் வந்து சொன்னால் கூட்டம் சேர்த்துத் தருவதாகவும் சொன்னார். கடைசியாக, ஊதுபத்தியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஒரு யோசனையும் சொன்னார்.

"செல்லைக் கழட்டிப் போடு குழந்தை. அப்புறம் ஊட்டுல ஒரே அப்பாதான்."

பாய் சிரிப்புக்குத்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் சொன்ன யோசனை எதையும் யாரும் செய்து பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைவேல் செய்து பார்த்தான்.

பாவாயி பால்வாடிக்குப் போயிருந்த நேரம் ஆமையைக் குப்புறப் போட்டு, வயிற்றைத் திறந்து, செல்லை எடுத்துத் தன் பைக்குள் லுங்கிக்கு அடியில் வைத்தான். ஆழத்தில் சிக்கிய ராடைக்கூட ஒரே மூச்சில் எடுப்பவன் அவன். அன்றைக்கு அந்தச் சின்ன மூடியை மூட வெகுநேரம் ஆயிற்று.

அவள் வந்தாள். சிவப்பை அமுக்கினாள். இன்னொருதரம் அமுக்கினாள். குழந்தைவேல் தயாராகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அழுவாள். தூக்கிக்கொள்ளலாம். தோளில் சாய்த்து முதுகைத் தட்டினால் அழுகிற பிள்ளை எதையாவது சொல்லிக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும். தட்டுவதற்குக் கைகூட எடுத்து வைத்திருந்தான்.

பாவாயி அழவில்லை. பாவாடை நுனியால் ஆமையின் முதுகைத் துடைத்தாள். பெட்டிக்குள் வைத்தாள். மூடி, தானியக் குதிருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

"அழுவலியா கண்ணு?" என்று அவனே கேட்கவேண்டியதாகிவிட்டது.

"எதுக்குங்க? அப்பா போர் போடப் போயிருச்சு. தண்ணி வந்தா வந்துரும்."

சொல்லிவிட்டு, அவன் தட்டில் சோறு குறைந்திருப்பதைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள். வந்தவர் பசியோடு எழுந்தால் நன்றாக இருக்காது.

அவன் அதற்கப்புறம் சாப்பிடவில்லை. மரவள்ளிக் கொல்லைப் பக்கம் போய் நின்றான். கிழங்குச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது வசதியாக இருந்தது. பரிமளா பின்னாலேயே வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவன் பையில் லுங்கியை மடித்து வைக்கப் போனவள் செல்லைப் பார்த்துவிட்டிருந்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அந்த ஆமையாச்சும் ஊட்டுல இருந்துட்டுப் போவுட்டுங்க" என்றாள்.

அன்று ராத்திரியே அவன் செல்லைத் திரும்ப மாட்டிவிட்டான். அடுத்த நாள் பாவாயி பால்வாடியிலிருந்து வந்து, பெட்டியைத் திறந்து, நம்பிக்கை இல்லாமல்தான் சிவப்பை அமுக்கினாள். ஆமை கிளம்பி அடுப்படிக்குப் போகவில்லை. செல்லோடு சேர்ந்து நினைவும் போயிருந்தது. நின்ற இடத்தில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அம்மா, அப்பா வந்துருச்சு. தண்ணி கெடச்சிருச்சாட்ட இருக்குது. ரொம்ப நாள் ஆயிருச்சில்ல, எல்லாம் மறந்துட்டு வந்திருக்குது" என்று கத்திவிட்டு, கோபமே இல்லாமல் உட்கார்ந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இது அடுப்படி. நில்லு. இது நான். நில்லு. அது வாசல்.

குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பாடத்தை அவனும் முழுசாகக் கேட்டான்.

ஆயுத பூஜையன்று கொடுவாள், களைக்கொத்து, மண்வெட்டி, மிளகு அளக்கும் படி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தார்கள். வரிசைக் கடைசியில் ஆமை. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்றுத்தரும் சாதனத்துக்கு அன்று சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, கழுத்து இல்லாததால் மாலையை முதுகைச் சுற்றிப் போட்டார்கள். பொத்தான் மேல் சந்தனம் படாமல் பாவாயி பார்த்துக்கொண்டாள். பிறகு எலுமிச்சம்பழம் கேட்டாள். ஊர் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டிப் பழம் வைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். சுவரில் மாட்டியிருந்த படத்திலும் போர் வண்டியின் சக்கரத்துக்குக் கீழே பழம் இருந்தது. படத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஓர் ஆள் நிற்பான். அவன் யார் என்று அவள் கேட்டதில்லை. போகிற எதற்கும் பழம் வைக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இருப்பதிலேயே சின்னப் பழமாகப் பரிமளா எடுத்துக் கொடுத்தாள். ஆமையால் அதன் மேல் ஏற முடியவில்லை. முன்னால் தள்ளிக்கொண்டே போய் வாசல்படியில் நிறுத்தியது. பழம் நசுங்காமல் போனால் போகிற இடத்தில் ஆகாது. பாவாயி பழத்தை எடுத்துத் துடைத்து, பத்திரமாக மாடத்தில் வைத்தாள்.

விஜயதசமி காலையில் முதல் பஸ்ஸுக்கு அவன் கிளம்ப வேண்டும். பாவாயி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஆமையை எடுத்தான். இந்தத் தடவை முதலில் மறக்கும் பொத்தானை அமுக்கினான். அவள் பாய் வரைக்கும் அளந்து அம்பை அமுக்கினான். அவ்வளவுதான். வாசல் பக்கமாக ஒரு சாண்கூடச் சொல்லவில்லை.

அவள் வந்து உட்கார்ந்ததும் சிவப்பை அமுக்கினான். ஆமை நேராக வந்து அவள் காலில் மூக்கை வைத்து நின்றது.

பாவாயி அது திரும்புவதற்காகக் காத்திருந்தாள். அது திரும்பவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் வாசலைப் பார்த்துத் தள்ளிவிட்டாள். அது அவள் தள்ளிய அளவுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. தூக்கிக் காதில் வைத்துக் கேட்டாள். அப்புறம் பெட்டிக்குள் வைத்து மூடி, அவனிடம் நீட்டினாள்.

"கெட்டுப்போச்சுங்க. போகவே மாட்டேங்குது. கீழ போறப்போ ரிப்பேர் பண்றவங்க இருந்தா காட்டுங்க."

அவன் பெட்டியை வாங்கவில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது, தான்தான் இருக்கச் சொன்னேன் என்று சொல்ல நினைத்தான். ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை இருந்தது? கீழே பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

அடுப்படிக்குப் போனான். பரிமளா புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி நடு வீட்டுக்கு வந்தான். பாவாயிக்கு முன்னால் நின்றான். தலையைத் தொடலாமா என்று கை போயிற்று, வந்துவிட்டது. திரும்பி, வாசல்படிக்குப் போய்ச் செருப்பை மாட்டக் குனிந்தான்.

பின்னால் பாவாயி பெட்டியைக் கீழே வைப்பது கேட்டது. பிறகு ஓடும் சத்தம். மாடத்திலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு, அவன் காலடியில் புகுந்து உட்கார்ந்தாள். நேற்று ஆமை நசுக்காமல் விட்ட எலுமிச்சம்பழம். அவன் செருப்புக்கு முன்னால் வைத்து, உருளாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். அவன் காலைத் தூக்கியதும் விரலை எடுத்துக்கொண்டாள்.

பழம் நசுங்கியது. சாறு வாசல்படியில் தெறித்தது.

குழந்தைவேல் பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான். பத்தடி போயிருப்பான். பின்னாலிருந்து குரல் வந்தது. ஏனுங்க இல்லை, வாங்க போங்க இல்லை. மரியாதை என்பது மருந்துக்கும் இல்லை.

"அம்மா, இங்க வந்து பாரு. அப்பா போவுது."

அவன் நின்றுவிட்டான்.

திரும்பினால் நாலு எட்டில் வீடு. திரும்பிப் போனால் அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாய் விரித்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவருவாள். இரண்டு கையாலும் நீட்டுவாள்.

அவன் நடந்து போய் பஸ்ஸில் ஏறினான். வண்டிக்குள் எலுமிச்சை வாசம் அடிக்க, யாருப்பா அது என்று கண்டக்டர் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டு வந்தார். குழந்தைவேல் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் கை ஆட்டவில்லை. பெட்டியைப் பிரித்து ஆமையை வெளியே எடுத்திருந்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் முகத்தைப் பஸ் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, விரலை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எப்படிப் போவது என்று அதற்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வளைவு வந்து, மிளகுக்கொடி ஏறிய மரங்கள் இரண்டு பேரையும் மறைத்தன.